போயிட்டு வரேன், கண்ணா!

தமிழ் பேசும் வீட்டில், வெளியே கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டி இருக்கும் வீடாயிருந்தால் உடனே அதட்டல் விழும்: "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு!" தெருமுனையில் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கப் போகிறவரும் அப்படித்தான் சொல்ல வேண்டும், கப்பலேறிப் போகிறவரும் அப்படித்தான். போவதைச் சொல்லும்போதே வருவதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நம் வழக்கம்.

ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்புகிற நாம், வீட்டில் ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லாமல் நழுவுகிறோம். அந்த ஒருவர் யார் தெரியுமா? நம்மையே உலகமென்று நினைத்துக் கொண்டிருக்கும் ஒன்பது மாதக் குழந்தை!

பேறுகால விடுமுறை முடிந்து காரியாலயத்துக்குத் திரும்பப் போகும் சகோதரிகளுக்காகவே இந்த வாரத்துப் பக்கம். குழந்தையைக் காப்பகத்தில் விடுவதென்று தீர்மானித்துவிட்டீர்கள். மாமியாரால் ஊரைவிட்டு வர முடியவில்லை. தாயாருக்கு முழங்கால் வலி. வீட்டோடு இருக்க நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை. காரணம் எதுவாயிருந்தாலும் சரி, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

இது ஏதோ பட்டணத்துப் புதுமை என்று சிலர் சொல்லுவார்கள். அப்படியல்ல. நடவுக்குப் போன நம் கொள்ளுப்பாட்டிமார்கள் வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டி, பெரிய பெண் ஒருத்தியைக் காவல் வைத்தார்கள். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்குப் 'பிள்ளைக் காம்பரா' என்றே பெயர். நம் தேசத்தில் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 1969-ல் டில்லியில் மீரா மகாதேவன் என்ற அம்மையார், கட்டட வேலைக்கு வந்த பெண்களின் குழந்தைகள் மணலிலும் கல்லிலும் கிடப்பதைப் பார்த்து, வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம் தொடங்கினார். ஆகவே வேலைக்குப் போகும் தாயும், காத்திருக்கும் குழந்தையும் நமக்குப் புதிதல்ல. காத்திருக்கும் இடம் எப்படிப்பட்டது, தாய் எப்படிச் சொல்லிக்கொண்டு போகிறாள் என்பவைதாம் விஷயம்.

நழுவுவது ஏன் கூடாது?

"அது விளையாடிக் கொண்டிருக்கும்போது மெதுவாகப் போய்விடு, பார்த்தால் அழும்." பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லுவார், காப்பகத்து ஆயாவும் சொல்லுவார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். அழுகைச் சத்தம் காதில் விழாததால் நமக்கும் சௌகரியமாகத்தான் இருக்கும்.

ஆனால் குழந்தையின் பக்கமிருந்து பாருங்கள். ஐந்தாறு மாதக் குழந்தைக்கு, அன்பாகத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு கை இருந்தால் பெரும்பாலும் போதும். எட்டு, ஒன்பது மாதம் ஆகும்போது அதன் புத்தியில் ஒரு பெரிய மாறுதல் உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கோ இருக்கிறது என்று அதற்குப் புரிய ஆரம்பிக்கிறது. போர்வைக்கடியில் ஒளித்த கிலுகிலுப்பையைத் தேடி எடுப்பது அதனால்தான். அம்மாவும் எங்கோ இருக்கிறாள் என்று தெரிகிறது. ஆனால் அவள் திரும்பி வருவாள் என்பது இன்னும் தெரியவில்லை! பாதிப் பாடம் படித்த மாணவனின் கஷ்டம் அது. சாதாரணமாக எட்டாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, பிரியும்போது அழுகை அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். அழுவது பிடிவாதத்தால் அல்ல. புத்தி வளர்வதால் அழுகிறது.

இந்தச் சமயத்தில் அம்மா சொல்லாமல் மறைந்தால், குழந்தை என்ன பாடம் கற்கும்? 'கொஞ்சம் அசந்தால் அம்மா காணாமல் போய்விடுவாள்' என்று கற்கும். பிறகு வீட்டிலும் உங்களை விட்டுக் கண்ணை எடுக்காது. குளிக்கப் போனால் கதவைத் தட்டும். அடுப்படிக்குப் போனால் புடைவையைப் பிடித்துக் கொண்டு தவழ்ந்து வரும். காலையில் ஐந்து நிமிஷ அழுகையை மிச்சம் பிடிக்கப் போய், நாள் முழுவதற்கும் பயத்தை வாங்கி வைத்துவிடுகிறோம்.

மீதிப் பாடத்தை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பழைய விளையாட்டு ஒன்று இருக்கிறது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அம்மா எங்கே? அம்மா எங்கே?" என்று கேட்டு, "இதோ!" என்று விலக்கிக் காட்டுகிறோமே, அதுதான். போனவள் வருவாள் என்ற பாடத்தை இதைவிடச் சுலபமாகச் சொல்ல முடியாது. தினம் பத்துத் தடவை விளையாடுங்கள். பிறகு நீங்கள் அடுத்த அறைக்குப் போங்கள், அங்கிருந்து குரல் கொடுங்கள், திரும்பி வாருங்கள்.

காப்பகத்து வாசலிலும் அதே முறைதான். குழந்தையை ஆயாவின் கையில் கொடுங்கள். கன்னத்தில் ஒரு முத்தம். "அம்மா போயிட்டு வரேன், கண்ணா!" என்று தினமும் அதே வார்த்தை, அதே குரல். கையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். அழுதால் அழட்டும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது, மூன்று தடவை திரும்பி வந்து கட்டிக்கொள்வது, இதெல்லாம் வேண்டாம். நீங்களே தயங்கினால், 'இது பயப்பட வேண்டிய இடம்போலிருக்கிறது' என்று அது நினைத்துக்கொள்ளும். கண்ணீர் வந்தால் தெருத் திரும்பின பிறகு துடைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

எந்தக் காப்பகம்?

சுவரில் யானையும் முயலும் வரைந்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். குழந்தை சுவரோடு வாழப் போவதில்லை, ஆயாவோடுதான் வாழப் போகிறது. காலை பத்து மணிக்குச் சொல்லிவிட்டுப் போனால் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு, எல்லாக் குழந்தைகளும் பசியும் தூக்கமுமாய்ச் சிணுங்கும் நேரத்தில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். உள்ளே வரக் கூடாது என்று தடுத்தால், அந்த இடம் வேண்டாம்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் மூன்று அல்லது நான்குக்கு ஓர் ஆள் இருந்தால் நல்லது. எட்டுக் குழந்தைகளை ஒருத்தி பார்த்துக்கொள்வதென்றால், அவள் தேவதையாகவே இருந்தாலும் முடியாத காரியம். ஆயா குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளா? துணி மாற்றின கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த குழந்தைக்கு ஊட்டுகிறாளா? தூங்கும் குழந்தைகளைத் தலையணை இல்லாமல், கெட்டியான விரிப்பில், மல்லாந்து படுக்க வைத்திருக்கிறார்களா? குளியலறையில் தண்ணீர் நிறைந்த வாளி திறந்து கிடக்கிறதா? மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா? மாலையில் யார் வந்து கேட்டாலும் குழந்தையைக் கொடுத்துவிடுவார்களா, அல்லது நீங்கள் எழுதிக் கொடுத்த ஆட்களிடம் மட்டுமா? இவற்றைப் பார்த்துவிட்டு, கடைசியில் வேண்டுமானால் சுவரிலுள்ள யானையைப் பாருங்கள்.

ஆயாவுக்கு எத்தனை வருஷமாக இங்கே வேலை என்றும் விசாரியுங்கள். மாதத்துக்கொருவர் மாறும் இடத்தில் குழந்தை யாரோடு ஒட்டிக்கொள்ளும்?

இப்போது பல காப்பகங்களில் காமிரா வைத்து, கைபேசியிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் காரியாலயத்தில் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து பார்க்க ஆரம்பித்தால் வேலையும் நடக்காது, மனசும் ஆறாது. மத்தியானம் ஒரு தடவை பாருங்கள், போதும்.

இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்

வேலைக்குச் சேரும் அன்றைக்கே குழந்தையையும் சேர்ப்பது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுகிற மாதிரி. இரண்டு வாரம் முன்பாகவே ஆரம்பியுங்கள். முதல் இரண்டு நாள் நீங்களும் ஒரு மணி நேரம் கூட உட்காருங்கள். மூன்றாம் நாள், சொல்லிக்கொண்டு அரை மணி நேரம் வெளியே போய் வாருங்கள். பிறகு ஒரு மணி, இரண்டு மணி, ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு தூக்கம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தடவையும் சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். கடிகாரம் தெரியாதே தவிர, 'சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் அம்மா வருவாள்' என்ற கணக்குக் குழந்தைக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

தூளியில் தூங்கிப் பழகின குழந்தைக்குக் காப்பகத்துப் பாய் பெரிய சோதனை. ஆகையால் பகல் தூக்கத்தை வீட்டிலேயே பாய்க்கு மாற்றிப் பழக்குங்கள். நீங்கள் உடுத்திய பழைய நூல் புடைவையில் ஒரு துண்டு, துவைக்காமல், ஆயாவிடம் இருக்கட்டும். கலங்கிப்போகும்போது மடியில் போட்டுக்கொள்ள, அம்மாவின் வாசனையுள்ள அந்தத் துணி உதவும். ஆனால் தூங்கும்போது முகத்தருகே போட வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு காரியம். ஒரு காகிதத்தில் குழந்தையின் அகராதியை எழுதிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் 'மம்மம்' என்றால் சாதமா? 'இங்கா' என்றால் பாலா? 'ஜோஜோ' என்றால் தூக்கமா? காதைத் தடவினால் தூக்கம் வருகிறது என்று அர்த்தமா? வேறு ஊர், வேறு பாஷைக்காரப் பெண்ணாக ஆயா இருந்தால் இது இன்னும் அவசியம். தன் பேச்சு புரிகிற இடத்தில்தான் பெரியவர்களுக்கே நிம்மதி. குழந்தைக்குக் கேட்க வேண்டுமா?

பாலும் சாதமும்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு பருப்புசாதம், இட்லி, கேழ்வரகுக் கூழ் இவற்றோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே வைத்தியர்களின் யோசனை. வேலைக்குப் போவதால் அதை நிறுத்த வேண்டியதில்லை. எடுத்து வைத்த பால், குளிர்பதனப் பெட்டியில் நாலு நாள் வரை கெடாது. வெளியே வைத்தால் நாலு மணி நேரம் என்று சொல்லும் கணக்கு, 25 டிகிரிக்கு மேற்படாத அறைக்குத்தான். நம் சென்னைச் சித்திரைக்கு அது பொருந்தாது! ஐஸ் வைத்த சிறு பெட்டியில் கொண்டு போய், காப்பகத்திலும் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பாட்டில் பிடிக்காத குழந்தைக்கு, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த பாலாடையில் புகட்டலாம். ஒரு வயது வரை தேனை நாக்கில் தடவக் கூடாது. தூங்க வைப்பதற்கென்று எந்த மருந்தும் தரக் கூடாது. இந்த இரண்டையும் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2017-ல் திருத்திய பேறுகாலச் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை தந்தது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் தினம் நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம் பெற்றிருக்கின்றன. தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து விடுமுறையே 12 மாதம். மேலதிகாரியிடம் தயங்கித் தயங்கிச் சலுகை கேட்பதுபோல் கேட்காதீர்கள். உரிமையை மரியாதையோடு கேட்கலாம்.

வீட்டுக்குள்ளே மாற வேண்டியவை

காப்பகத்துக்குப் போகப் பழக வேண்டியது குழந்தை மட்டுமல்ல, வீடு முழுவதும்தான்! காலை அவசரத்தை இரவிலேயே தீர்த்துவிடுங்கள். மாற்றுத் துணி, விரிப்பு, கிண்ணம் எல்லாம் பையில் வைத்து வாசல் பக்கம் தயாராக இருக்கட்டும். காய்கறி நறுக்கியிருக்கட்டும். குழந்தை எழுந்த பிறகு அரை மணி நேரம் அதன் நேரம். அப்போது குக்கரும் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். அந்த அரை மணியை மடியில் கழித்த குழந்தை, வாசலில் பாதி அழுகைதான் அழும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் உதவி பண்ணுங்களேன்" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையது என்று ஆகிவிடுகிறது. "காலையில் கொண்டு விடுவது உங்கள் பொறுப்பு, மாலையில் அழைத்து வருவது என் பொறுப்பு" என்று பிரித்துக்கொள்ளுங்கள். சில குழந்தைகள் அம்மாவிடம் பிரியும்போதுதான் அதிகம் அழும். அப்பாவிடம் சிரித்துக்கொண்டே 'டாட்டா' காட்டும். அப்படியானால் இருவருக்கும் லாபம்!

காப்பகத்தில் சேர்ந்த முதல் சில மாதங்களில் சளியும் ஜுரமும் மாறி மாறி வரும். பத்துக் குழந்தைகள் கூடுமிடத்தில் அது சகஜம். தடுப்பூசிகளை நாள் தவறாமல் போடுங்கள். முக்கியமாக ஒன்பது மாதம் நிறைந்ததும் போடும் அம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். ஜுரம் இருந்தால் மருந்தைக் கொடுத்து மறைத்து அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே டாக்டர். இந்த மாதம் யார் லீவு போடுவது, அடுத்த தடவை யார் என்று ஜுரம் வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பேச்சை ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும்.

பிறகு, ஊரிலிருக்கும் மாமியார். "நாங்க நாலு பெத்து வளர்க்கலையா? யார் கையிலயோ கொண்டு போய்க் கொடுக்கறியே!" என்பார். கோபம்போல் கேட்டாலும் அது வருத்தம்தான். பேரனைத் தன்னால் வளர்க்க முடியவில்லையே என்ற வருத்தம். வாதாடாதீர்கள். "அத்தை, உங்களை மாதிரி பார்த்துக்க யாராலும் முடியாதுதான். நீங்க அவருக்குப் பாடின தாலாட்டை எனக்குப் பாடிக் காட்டுங்க, நான் ஆயாவுக்குச் சொல்லிக் கொடுக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தினம் மாலை ஆறரை மணிக்கு, கைபேசியில் பாட்டி முகம் குழந்தைக்குத் தெரியட்டும். முடிந்தபோது அவரை வரவழைத்து, ஒரு நாள் காப்பகத்துக்கும் கூட்டிப் போங்கள். கண்ணால் பார்த்துவிட்டால் பாதி மனஸ்தாபம் தீர்ந்துவிடும்.

மாலையில் ஏன் அழுகிறது?

மாலை ஆறு மணிக்கு ஓடோடிப் போகிறீர்கள். அதுவரை சிரித்து விளையாடிக் கொண்டிருந்த குழந்தை, உங்களைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி 'ஓ'வென்று அழுகிறது. "பகல் பூரா சமர்த்தா இருந்தாம்மா!" என்கிறாள் ஆயா. 'என்மேல் கோபமா? என்னை மறந்துவிட்டதா?' என்று உங்கள் நெஞ்சு உடைகிறது.

சகோதரி, அது கோபமல்ல. பகலெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை, பத்திரமான மடி கிடைத்ததும் கொட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பெண், வீட்டு வாசற்படி ஏறினதும் அம்மாவிடம் சிணுங்குகிறாளே, அந்தக் கதைதான். உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல், பத்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா வந்துட்டேன் பார்!" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காலையில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும். முதல் சில வாரங்கள் இரவில் அடிக்கடி எழுந்து பால் கேட்கலாம். பகலில் விட்டதை ராத்திரி பிடிக்கிறது. படிப்படியாகக் குறைந்துவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி. வாசலில் அழும் குழந்தையை விட்டுவிட்டுப் பஸ்ஸில் உட்காரும்போது, 'இந்த உத்தியோகமே வேண்டாம், ராஜிநாமா எழுதிவிடலாமா?' என்று தோன்றும். வீட்டோடு இருப்பது உங்கள் மனசுக்குப் பிடித்து, குடும்பமும் தாங்குமானால், தாராளமாகச் செய்யுங்கள். அதிலும் குறைவொன்றும் இல்லை. ஆனால் முதல் மாதத்துக் கண்ணீரில் அந்தத் தீர்மானத்தைச் செய்யாதீர்கள். பிரியும்போது அழுது, கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி, சாப்பிட்டு, தூங்கி, விளையாடுகிற குழந்தை பழகிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று வாரத்தில் அழுகை தேயும். ஒரு ஜுரமோ, நீண்ட விடுமுறையோ வந்தால் திரும்பத் தலைகாட்டி, மறுபடி தேயும்.

ஒரு மாதமாகியும் பகல் முழுவதும் அழுகிறது, சாப்பிடுவதில்லை, எடை ஏறவில்லை, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் நடுங்குகிறது என்றால் அது வேறு விஷயம். அப்போது "பழகிவிடும்" என்று சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள். உங்கள் கண்ணை நம்புங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். குறை அந்த இடத்தில் இருந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் காப்பகத்தை மாற்றுங்கள். மாற்ற வேண்டியது காப்பகமாயிருக்கும்போது, உத்தியோகத்தை விட்டுவிட்டு அழ வேண்டாம்.